பிழை விட்ட திரையிலேயே மன்னிப்புக் கேட்டவர்

குணம் அண்ணை போய்விட்டார் என்று எனக்கு முதலில் சொன்னவர் லசானா. அன்று பின்னேரம் பாரிசின் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கத் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பல் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. லசானா வழக்கமாகக் கூப்பிட்டால் முதலில் என் பிள்ளைகளின் சுகம், பிறகு என் மனுசனின் சுகம், பிறகு ஊரில் இருக்கும் அம்மாவின் சுகம் என்று ஒருவர் விடாமல் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். மாலி நாட்டுக்காரர்களுக்கு அது மரியாதை. அன்று அவர் யாரையும் விசாரிக்கவில்லை. "குணா போய்விட்டான்" என்று பிரெஞ்சில் சொன்னார். நான் தொலைபேசியைப் பிடித்தபடி நடைபாதையில் நின்றுவிட்டேன். ஆட்கள் என்னை இடித்துக்கொண்டு போனார்கள். நான் ஒன்றும் வாங்காமல் அடுத்த ரயிலில், நான் குடியிருக்கும் புறநகரான சார்செலுக்குத் திரும்பிவிட்டேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். அவர் பெயர் தெரியாதவர்களுக்கும் அவர் எழுதிய 'அசன்சர் பழுது' நாடகத்தைத் தெரியும். மின்தூக்கி எந்நாளும் பழுதாகக் கிடக்கும் ஓர் அடுக்குமாடியில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் படும் பாடு; கிழமைக்கு ஒரு தரம், அரை மணித்தியாலம், நம்முடைய தமிழ்த் தொலைக்காட்சியில். வேலை நாட்களில் குணம் அண்ணை ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரர். உணவகம் பூட்டிக்கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எழுத்தாளர், இயக்குநர், படப்பிடிப்புக்கு மதியச் சாப்பாடு கட்டி வருகிறவர், எல்லாம்.

2009க்குப் பிறகு நம் வீடுகளில் தொலைக்காட்சியைப் போட்டால் அழுகைதான். செய்தி முடிந்தால் நினைவுகூரல், நினைவுகூரல் முடிந்தால் மறுபடி செய்தி. வன்னியில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று அறியாத குடும்பங்கள் அப்போது எத்தனையோ. அந்த நாட்களில்தான் குணம் அண்ணை நாடகம் எழுதப்போவதாகச் சொன்னார். இந்த நேரத்தில் பகிடி நாடகமா என்று பலர் முகத்துக்கு நேரே கேட்டார்கள். "அழுது அழுது சனத்தின்ரை முகமே மாறிப்போச்சு பிள்ளை. கிழமைக்கு அரை மணித்தியாலமாவது சிரிக்கட்டும்" என்றார். அவருடைய அண்ணனின் குடும்பமும் அப்படி என்ன ஆனார்கள் என்று தெரியாதவர்களுக்குள் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அவர் எழுதும் விதமே வேடிக்கை. மேசையில் உட்கார்ந்து அவர் எழுதி நான் பார்த்ததில்லை. சார்செலுக்குப் பக்கத்து ஊரான வில்லியே லே பெலில் அவருடைய வீடு. காலையில் வேலைக்கு வரும் ரயிலில் எல்லாப் பாத்திரங்களையும் வாய்விட்டுப் பேசுவார். தாயாகக் குரலை உயர்த்துவார், தகப்பனாகக் கனைப்பார், மகளாகப் பிரெஞ்சில் பதில் சொல்லுவார். பக்கத்தில் இருக்கும் மதாம்கள் பையைத் தூக்கிக்கொண்டு வேறு இருக்கைக்குப் போய்விடுவார்கள். "பேசிப் பாத்துத்தான் எழுதலாம். காதிலை கேக்காதது வசனமில்லை" என்பார். பேசிப் பேசிப் பதம் வந்ததைப் பின்னேரம் தொலைபேசியில் எனக்குச் சொல்லுவார். நான் தட்டச்சுச் செய்வேன். பதினாறு வயதில் இங்கே வந்து இங்கேயே பள்ளிக்கூடம் முடித்தவள் என்பதால் தமிழ், பிரெஞ்சு இரண்டும் என் தலையில் விழுந்தன. சார்செலில் என் வீட்டு முன்னறைதான் நாடகத்து வீடும். ஞாயிறு காலையில் என் சோபாவுக்கு வேறு உறை போடுவார்கள். பின்னேரம் அதில் மட்டன் ரோல்ஸ் துகள் இருக்கும். என் மனுசன் அடுப்படியில் கதிரை போட்டுக்கொண்டு, படப்பிடிப்பு முடியும்வரை தும்மல் வந்தாலும் அடக்கிக்கொண்டு இருப்பார். எத்தனை சந்தோஷமான ஞாயிற்றுக்கிழமைகள் அவை!

லசானா அந்த நாடகத்துக்குள் வந்தது ஓர் இடைவெளியை நிரப்ப. வீடு மாறிக் கதவைத் தட்டும் ஒருவர் ஒரு காட்சிக்குத் தேவைப்பட்டார். குணம் அண்ணை தன்னோடு உணவகத்தில் வேலை செய்த சிநேகிதனைக் கூட்டிவந்தார். லசானாவும் வில்லியே லே பெலில்தான் குடியிருந்தார். நல்ல உயரம், அதைவிட நல்ல சிரிப்பு. மனைவி போட்டுக் கொடுத்த செம்பருத்திப்பூச் சர்பத்தை ஒரு பெரிய போத்தலில் எங்கள் எல்லோருக்கும் கொண்டுவந்தார். குணம் அண்ணை எனக்குச் சொல்லித் தட்டச்சுச் செய்வித்த காட்சியில் அந்தப் பாத்திரத்துக்குப் பெயர் இல்லை. "கறுவல் கதவைத் தட்டுவான், தாய் கத்துவாள்" என்று மட்டும் இருந்தது.

தாயாக நடித்தவர் றஞ்சி அக்கா. கதவைத் திறந்தார், லசானாவைக் கண்டார், கையில் இருந்த கோப்பையைக் கீழே போட்டார், "ஐயோ! காப்பிலி!" என்று கட்டடமே அதிரக் கத்தினார். ஆபிரிக்கக் கறுப்பரை இழிவாகக் கூப்பிடும் அந்தச் சொல்லை எழுதாமல் விடலாம். விட்டால் பிறகு நடந்தது ஒன்றும் விளங்காது என்பதால் ஒரு தரம் எழுதுகிறேன். அந்தக் கத்தல் ஊரையே பிடித்துக்கொண்டது. லா சப்பலில் றஞ்சி அக்கா மரக்கறி பொறுக்கிக்கொண்டு நின்றால், கடைக்காரர்கள் உள்ளே இருந்து அதே மாதிரிக் கத்திக் காட்டுவார்கள். ஒருவர் அதைத் தொலைபேசி மணியாகவே வைத்திருந்தார். இன்னொரு தரம் அவனைக் கொண்டுவாருங்கோ என்று தொலைக்காட்சிக்கு அழைப்புகள் வந்தன. அதனால் லசானா ஒவ்வொரு கிழமையும் வந்தார். ஒரு கிழமை கள்ளன் என்று சந்தேகப்பட்டுத் துரத்தினார்கள், மறு கிழமை தூள் விற்கிறவன் என்று பயந்தார்கள், கலியாண வீட்டுக் காட்சியில் ஆட விட்டார்கள். சிரிப்பார், ஓடுவார், ஆடுவார். ஒரு வசனம் கிடையாது. ஏன் அவருக்கு ஒன்றும் எழுதுவதில்லை என்று நான் ஒரு தரம் கேட்டேன். "அவன்ரை குரல் எனக்குக் காதிலை கேக்குதில்லை பிள்ளை" என்றார். அடுப்படியில் வருடக்கணக்காகப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவரின் குரல்!

இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வசனத்தை ஓடிப் பிடிக்க முடியவில்லை, கீழே பிரெஞ்சு எழுத்துப் போடுங்கள் என்று தொலைக்காட்சிக்காரர் கேட்டபோது அந்த வேலை என்னிடம் வந்தது. லா சப்பலில் ஒரு கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் படத்தைத் தொகுப்போம். லசானா முதலில் கதவைத் தட்டிய பகுதிக்கு எழுத்துப் போட்டு முடித்து, குணம் அண்ணைக்கு ஓட்டிக் காட்டினேன். றஞ்சி அக்கா கத்தும் இடத்தில், அதற்குச் சரியான பிரெஞ்சுச் சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் போட்டிருந்தேன். பிரெஞ்சில் அது யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற சொல்.

"என்ன பிள்ளை இது?"

"நீங்கள் எழுதினதுதான் அண்ணை. நான் பிரெஞ்சாக்கினன்."

"உப்பிடிப் போடேலாது. 'ஆரோ ஒராள் வந்திருக்கு' எண்டு மாத்து."

"றஞ்சி அக்கா அப்பிடிக் கத்தேல்லையே."

"தமிழிலை அது பகிடி."

"அப்ப பிரெஞ்சிலை அது என்ன?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இஞ்சை படிச்ச திமிர் உனக்கு. நாளைக்கு வழக்கு வந்தால் ஆர் நிக்கிறது?" என்றார். எனக்கும் வாய் சும்மா இராது. "மேலை இருக்கிறதை நீங்கள் எடுங்கோ, கீழை இருக்கிறதை நானும் எடுக்கிறன்" என்று சொன்னேன். கதவை அறைந்துவிட்டுப் போனார். போன வேகத்தில் கோட்டையும் விட்டுவிட்டுப் போனதால், குளிருக்குத் திரும்பி வரத்தான் வேண்டியிருந்தது. வந்து, கோட்டை எடுக்காமல், "ஒருக்கா திருப்பிப் போடு. சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுப் போடு" என்றார். போட்டேன். றஞ்சி அக்காவின் கத்தல் இல்லை, பின்னால் போட்ட வேடிக்கை இசை இல்லை. வாசலில் லசானா சிரித்துக்கொண்டு நிற்கிறார், அந்தச் சிரிப்புக்குக் கீழே அந்தச் சொல் வெள்ளை எழுத்தில் நிற்கிறது. குணம் அண்ணை திரைக்குக் கிட்டப் போனார். "லசானா இதைப் பாத்தானெண்டால்…" என்றார்.

மறுநாள் மதிய வேலை முடிந்ததும் உணவக அடுப்படியிலேயே லசானாவிடம் போய்ச் சொல்லிவிட்டார். நடந்ததை இரண்டு பேருமே பிறகு எனக்குச் சொன்னார்கள், கதை ஒன்றுதான். லசானா வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாராம். முடிந்ததும், "தெரியும். கொஞ்ச நாளாகவே தெரியும்" என்றாராம். அவருடைய மகள் ஆவாவுக்கு அப்போது பத்து வயதிருக்கும். வில்லியே லே பெல் பள்ளிக்கூடத்தில் அவளுடைய வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் பலர். அவள் வகுப்புக்குள் நுழைந்தால் ஒருவர் பென்சில் பெட்டியைக் கீழே போடுவார், மற்றவர்கள் றஞ்சி அக்கா மாதிரிக் கத்துவார்கள், வகுப்பே சிரிக்கும். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் அப்பா என்று அவள் வீட்டில் கேட்டிருக்கிறாள். லசானா தனக்குத் தெரிந்த ஒரு தமிழரிடம் விசாரித்திருக்கிறார். அவர் நிலத்தைப் பார்த்தாராம். அதிலேயே லசானாவுக்கு விளங்கிவிட்டது.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று குணம் அண்ணை கேட்டதற்கு லசானா சொன்ன பதில்: "நீ எழுதியது உனக்கே ஒரு நாள் காதில் கேட்கும் என்று இருந்தேன். நேரம் எடுத்துக்கொண்டாய்."

அன்று இரவு குணம் அண்ணை எனக்குத் தொலைபேசி எடுத்து அழுதார். 2009 இல் போரை நிறுத்தச் சொல்லி நாமெல்லாம் தெருவில் நின்ற நாட்களில், குணம் அண்ணையின் வேலையையும் சேர்த்துச் செய்தவர் லசானாதான். முதலாளி கேட்டால், குணா கீழே களஞ்சிய அறையில் நிற்கிறான் என்று சொல்லிச் சமாளித்தாராம். "என்ரை சனத்துக்காக நான் றோட்டிலை நிண்டு கத்தேக்கை, எனக்காக நிண்டவன் பிள்ளை அவன். அவன்ரை பிள்ளையைப் பாத்துப் பள்ளிக்கூடத்திலை கத்த வைச்சிட்டன்" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். லசானாவும் மன்னித்துவிட்டார், இனி அந்தச் சொல்லைப் போடாமல் விட்டால் சரி என்றுதான் நாங்கள் நினைத்தோம். குணம் அண்ணை தொலைக்காட்சிப் பொறுப்பாளரிடம் போய், அடுத்த பகுதி தொடங்கமுன் தான் திரையில் வந்து மன்னிப்புக் கேட்கப் போவதாகச் சொன்னார். என்னையும் சாட்சிக்குக் கூட்டிப்போயிருந்தார். பொறுப்பாளர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "உமக்கென்ன விசரே? சனம் விரும்பிப் பாக்கிற காட்சி. அவரோடை தனிய இருந்து ஒரு போத்தல் உடைச்சுச் சமாதானமாப் போமன்" என்றார். குணம் அண்ணை சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது: "பிழையை ரீவியிலை விட்டனான். மன்னிப்பைக் குசினிக்குள்ளையோ கேக்கிறது?" நாடகம் நின்றாலும் நிற்கும் என்று பொறுப்பாளர் எச்சரித்தார். குணம் அண்ணைக்கு அந்த நாடகத்தைவிட வேறு ஒன்றும் இருக்கவில்லை. மனைவி இல்லை, பிள்ளை இல்லை, ஊரில் யாரும் மிச்சமில்லை. அது எனக்குத் தெரிந்ததால் நானே அவரைத் தடுத்தேன். என் பேச்சையும் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு என் முன்னறையில், இரவல் வாங்கிய கோட்டோடு ஒளிப்பதிவுக் கருவியின் முன்னால் நின்றார். ரயிலில் பேசிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது போல. "இந்த நாடகத்தை எழுதுறவன் நான்" என்று தொடங்கினார். "லசானா எண்ட என்ரை சிநேகிதனை இவ்வளவு நாளும் பேரில்லாமல் உங்களுக்கு முன்னாலை ஓட விட்டனான். அந்தச் சொல்லாலை கூப்பிட வைச்சனான். இப்ப எங்கடை பிள்ளையள் பள்ளிக்கூடத்திலை அவரின்ரை மகளை அந்தச் சொல்லாலை கூப்பிடுகினம். அதுகள் கெட்ட பிள்ளையளில்லை, அதுகளுக்குப் படிப்பிச்சவன் நான். லசானாவிட்டையும் ஆவாவிட்டையும் மன்னிப்புக் கேக்கிறன். பிள்ளையள், இனி அப்பிடிக் கூப்பிடாதேங்கோ." அவ்வளவுதான். கீழே நான் பிரெஞ்சில் எழுத்துப் போட்டேன். அதில் மாற்றச் சொல்லி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அது ஒளிபரப்பானதும் லா சப்பலில் தலைகாட்ட முடியவில்லை. எங்களை இனவாதிகள் ஆக்கிவிட்டாய் என்று ஒரு கடைக்காரர் நடுத்தெருவில் சண்டைக்கு வந்தார். ஒரு நகைக்கடை விளம்பரத்தை நிறுத்தியது. "நாங்களும் கறுப்புத்தானே அண்ணை, இதிலை என்ன கிடக்கு?" என்று கேட்டவர்களுக்கு, "அதாலைதான் எனக்கு இன்னும் கூட வெக்கம்" என்று பதில் சொன்னார். ஒரே ஒரு பாராட்டு, பாண்டிச்சேரிக்காரரான ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தரிடமிருந்து. அவர் குணம் அண்ணையின் கையைப் பிடித்து, "பிராவோ முசியே, இதுதான் ரெப்புப்ளிக்" என்று தொடங்கி, சமத்துவத்தைப் பற்றி அரை மணித்தியாலம் பேசி, வாங்கவந்த மீனை வாங்காமலே போய்விட்டார். "திட்டினவை சுருக்கமாத் திட்டிச்சினம். இவர் புகழ்ந்து என்ரை காலை உளைய வைச்சிட்டார்" என்று குணம் அண்ணை சொல்லிச் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் அந்தக் கத்தல் மெல்ல மெல்ல நின்றது. ஆவாவின் வகுப்பில் படித்த ஒரு தமிழ்ப் பெடியன், தாயோடு லசானா வீட்டுக்கு ஒரு கேக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

பொறுப்பாளர் உடனே நிறுத்தவில்லை, கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார். குணம் அண்ணை வேகம் கொண்டுவிட்டார். அந்தப் பாத்திரத்துக்கு லசானா தன்னுடைய மாமாவின் பெயரைக் கொடுத்தார், பாக்காரி. முதல் கிழமை பாக்காரி தொலைந்துபோன காசுப்பையைக் கொண்டுவந்து கொடுத்தான். மறு கிழமை தீயில் இருந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றினான். அதற்கடுத்த கிழமை தகப்பனுக்கு இரத்தம் கொடுக்க இருந்தான். ஒத்திகையில் நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது லசானா சிரித்த சிரிப்பில் சோபாவே ஆடியது. "குணா, போன மாதம் நான் கள்ளன், இந்த மாதம் நான் தேவதூதன். எப்போது நான் மனிதனாக வருவேன்? என்னைக் களைத்துப்போய் வீட்டுக்கு வருகிறவனாக எழுது. சாவியைத் தேடுகிறவனாக எழுது. மனைவியிடம் பேச்சு வாங்குகிறவனாக எழுது." குணம் அண்ணைக்கு முகம் சுருங்கிவிட்டது. இரத்தம் கொடுக்கும் காட்சியை அவர் ரசித்து எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு ஓய்வு கிடைத்தபோதெல்லாம் லசானா வீட்டுக்குப் போய் இருக்கத் தொடங்கினார். அங்கே ஒரே பெரிய தட்டில் சோறு வைத்து எல்லோரும் சுற்றி இருந்து சாப்பிடுவார்கள். மூலையில் டெலிபோன் ஸ்பீக்கரில் மாலியில் இருக்கும் லசானாவின் தாய் பேசிக்கொண்டே இருப்பார். லசானாவின் மனைவி, மின்சாரக் கட்டணத்தில் இருந்து மாமியார் வரை எல்லாவற்றுக்கும் லசானாவைத் திட்டுவார். குணம் அண்ணை ஒன்றும் விளங்காமல் சாப்பிட்டுக்கொண்டு கேட்டபடி இருப்பார். ஒரு நாள் காலையில் எனக்குத் தொலைபேசி எடுத்து, "பிள்ளை, கேக்குது!" என்றார். எது என்று கேட்டேன். "பாக்காரியின்ரை குரல். இப்பதான் ரயிலிலை மனிசியோடை சண்டை பிடிச்சான்." ஒரு பிள்ளை பிறந்ததைச் சொல்வதுபோல அவ்வளவு சந்தோஷம்.

பாக்காரி மேல்மாடிக் குடித்தனக்காரன் ஆனான். வேலையால் களைத்து வந்து, குளியல் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, கதிரையிலேயே தூங்கிவிடுகிறான். தண்ணீர் கீழ்வீட்டு முகட்டால் ஒழுகுகிறது. தாய் கோபத்தோடு கதவைத் திறக்கிறாள், பாக்காரி வாளியோடு வாசலில் நிற்கிறான். பிழை முழுக்க அவனுடையது. அந்த உரிமையைத்தான் லசானா கேட்டிருந்தார். ஒத்திகையில் றஞ்சி அக்கா வாசித்துக்கொண்டு போனவர் இடையில் நிறுத்திவிட்டார். வீடுகள் துப்புரவாக்குகிற வேலை அவருக்கு. அதிகம் பேசாத, ஞாயிறு பூசை தவறாத மனுசி.

"குணம், இந்த மனிசி இவ்வளவு நாளும் வாய் நிறையச் சொன்ன சொல்லைத் திடீரெண்டு மறந்திட்டாவோ? உச்சக் கோவத்திலை அதுதானே முதல் வாயிலை வரும்."

"அக்கா, நான் அதுக்கு மன்னிப்புக் கேட்டிட்டன். இனி அந்தச் சொல் என்ரை நாடகத்திலை வராது."

"நீர் கேட்டனீர். அவா கேட்டவாவே? அவாவுக்கு வரும். எனக்கும் வந்திருக்கு, பொய் சொல்ல மாட்டன்."

என்ன நடக்கிறது என்று லசானா கேட்டார். நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். லசானா சொன்னது: "அந்த அம்மா சொல்வது சரி. சொல்லட்டும். ஆனால் அந்த இடத்தில் படத்தை வெட்டாதே. இந்த முறை நான் பதில் சொல்ல வேண்டும்."

படம் எடுத்தோம். றஞ்சி அக்கா இந்த முறை கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி அந்தச் சொல்லைச் சொன்னார். லசானா வாளியைக் கீழே வைத்தார். "மதாம், தண்ணீர் என் பிழை. அந்தச் சொல் உங்கள் பிழை. தண்ணீரை நான் துடைத்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு, அப்படியே நின்றார். றஞ்சி அக்காவுக்கு அதற்குமேல் வசனம் இல்லை. அவர் லசானாவைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், பிறகு வாசலை விட்டு ஒதுங்கி வழி விட்டார். அது யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. வெட்டு என்று சொல்ல குணம் அண்ணை மறந்துபோனார். லசானா உண்மையாகவே உள்ளே வந்து, என் வீட்டுத் தரை முழுவதையும் துடைத்து முடித்துவிட்டார்.

அந்தப் பகுதிக்கு நான் முதன்முதலாகத் தமிழில் எழுத்துப் போட்டேன், லசானா பிரெஞ்சில் சொன்ன வசனத்துக்கு. பொறுப்பாளர் பார்த்துவிட்டு, "அவா சொல்லுறது இருக்கட்டும். அவர் குடுக்கிற பதிலை எடும், இழுவையாக் கிடக்கு" என்றார். "ரெண்டும் இருக்கும். இல்லாட்டி நாடகம் இல்லை" என்றார் குணம் அண்ணை. நாடகம் இல்லாமல் போயிற்று. அந்த நேரத்துக்குப் பழைய பட்டிமன்றம் ஒன்றைப் போட்டார்கள்.

ஒளிபரப்பாகாத அந்தப் பகுதியை வில்லியே லே பெலில் லசானாவின் கட்டடத்துப் பொது அறையில், சுவரில் ஒரு படுக்கை விரிப்பைக் கட்டி ஓட்டினோம். மாலிக்காரர், தமிழர், வேறு அயலவர் என்று அறை கொள்ளாத சனம். ஆவாவின் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நிலத்தில் இருந்தார்கள். பாக்காரி கதிரையில் குறட்டை விடுவதற்கு லசானாவின் மனைவி கண்ணீர் வரச் சிரித்தார். அந்தச் சொல் வந்தது. பதில் வந்தபோது ஆவா எழும்பித் திரும்பி, பின்னால் நின்ற தகப்பனைப் பார்த்தாள். குணம் அண்ணை கதவோரம் நின்று திரையைப் பார்க்காமல் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு யாரும் நாடகம் கொடுக்கவில்லை. கவலை இல்லையென்று அவர் வேஷம் போட்டதுமில்லை. "ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை பிள்ளை. சந்தைக்குப் போறன், திரும்பி வாறன், இன்னும் மத்தியானமாகேல்லை" என்பார். ஆனால் தொலைக்காட்சி பார்ப்பதை விடவில்லை. பிரெஞ்சுத் தொடரோ தமிழ்ப் படமோ, ஒரு கறுப்பு மனிதர் திரையில் வந்தால் எனக்குத் தொலைபேசி வரும். "பாத்துக்கொண்டிரு, இந்தப் பொலிஸ்காரன் அடுத்த கிழமை செத்திடுவான்." சொன்னபடியே செத்துவிடுவான். எப்படித் தெரியும் என்று கேட்டால், "அவனுக்கு ஒரு வீடு காட்டினவங்களே? ஒரு தாய்? ஒரு பல்லுவலி? வீடு இல்லாத ஆளைக் கதையிலை கொல்லுறது சுகம்" என்பார். கறுப்பு மை பூசிக்கொண்டு பகிடிக்கு ஆடும் காட்சி நம் படங்களில் வந்தால் தொலைபேசி வராது. மறுநாள் ஏன் என்று கேட்டால், "நிப்பாட்டிப்போட்டுப் படுத்திட்டன்" என்பார்.

கடைசி வருடத்தில் நெஞ்சு வருத்தம் அவரை ஒடுக்கிவிட்டது. லசானாவும் றஞ்சி அக்காவும் நானும் முறை வைத்து வைத்தியசாலைக்குப் போனோம். உறவினர் யார் என்று தாதி கேட்டால், மூன்று பேரும் கையைத் தூக்குவோம்.

குணம் அண்ணையின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் தேவாரம் பாடி முடிந்ததும், ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். நல்ல மனிதர், கலைஞர், யாருக்கும் தீங்கு நினையாதவர் என்று எல்லோரும் ஒரே மாதிரி. லசானா, மனைவியோடும் வளர்ந்துவிட்ட ஆவாவோடும் பின் சுவரோரம் நின்றார். அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. றஞ்சி அக்கா போய்க் கையைப் பிடித்து முன்னால் கூட்டிவந்தார். லசானா என்னைப் பார்த்து, சொல்வதை அப்படியே தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"குணா எல்லோருக்கும் முன்னால் எனக்கு ஒரு பிழை செய்தான். எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டான். முதலாவதைச் செய்த பலரை நான் இந்த நாட்டில் சந்தித்திருக்கிறேன். இரண்டாவதைச் செய்தவன் இவன் ஒருவன்தான்."

பெட்டியில் கிடக்கும் மனிதரின் பிழையை இந்த நேரத்தில் பேசலாமா என்று முன்வரிசையில் சிலர் முகம் சுளித்தார்கள். ஒருவர் என் கையைத் தொட்டு, "அந்த முதல் வசனத்தை விட்டிருக்கலாம் தங்கச்சி" என்று மெல்லச் சொன்னார். விட முடியாது. அதை விட்டால் மிச்சத்தில் குணம் அண்ணை இல்லை. அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது இதுதான்: அவரை நல்லவர் என்று சொல்வதற்கு அவருடைய பிழையை நான் ஒளிக்க வேண்டியதில்லை. தன்னை நேசித்தவர்களுக்கு இந்த நிம்மதியை எல்லா மனிதரும் விட்டுவிட்டுப் போவதில்லை.